பச்சை உடம்பு

மஞ்சள் டப்பாவோடு அம்மா என் அறை வாசலில் வந்து நின்றது மொத்தம் மூன்று முறை. முதல் முறை, முன்கையில் பச்சை குத்திக்கொண்டு நான் வீட்டுக்குள் நுழைந்த அன்றைக்கே. “அம்மனுக்குக் காப்புக் கட்டியிருக்கிற நேரத்துல ரத்தம் சிந்திட்டு வந்து நிக்கிறியேடி” என்று ஒரு பாட்டம் திட்டு. அது முடிந்த மறுநிமிடம், “சரி, கையைக் காட்டு, மஞ்சளை வைப்போம்.” எங்கள் வீட்டில் கோபத்துக்கும் வைத்தியத்துக்கும் நடுவில் மூச்சு விடுகிற நேரம்கூடக் கிடையாது.

ரங்கூனில் தாம்வே பக்கம், நான்காம் மாடியில் குடியிருக்கிறோம். பயின்னவுங் சந்தையில் ஒரு பருப்பு மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். உளுந்து, துவரை, பாசிப்பயறு எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கி, பாதிக்கு மேல் இந்தியாவுக்குக் கப்பலேறுகிற இடம். முப்பத்து நான்கு வயதில் உனக்கு எதற்கு இந்தப் பச்சை குத்துகிற வேலை என்று கேட்காதவர்கள் சந்தையில் யாருமில்லை. பதில் பெரிதாக ஒன்றுமில்லை. அப்பத்தாவின் கையில் இருந்த கோலம் எனக்கு வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

அது ஒன்று, மூன்று, ஐந்து, மூன்று, ஒன்று என்று வைத்த 13 புள்ளிக் கோலம். சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்தில், அப்பத்தாவுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது ஒரு குறத்தி குத்தியது. அகத்திக்கீரையையும் மஞ்சளையும் அரைத்துத் துணியில் தடவி, திரியாகச் சுருட்டி, விளக்கெண்ணெயில் எரித்து, மேலே கவிழ்த்த சட்டியில் படியும் கரியைச் சுரண்டித் தாய்ப்பாலில் குழைப்பார்களாம். கல்யாணமாகி இந்த ஊருக்குக் கப்பலில் வந்தபோது அப்பத்தா கொண்டுவந்ததில் கடைசிவரை கூட இருந்தது அந்தக் கோலம் ஒன்றுதான். 1964இல் கடைகளை எல்லாம் அரசு எடுத்துக்கொண்ட பிறகு ஊர் திரும்பிய கூட்டத்தோடு அப்பத்தாவின் தங்கையும் போனார். துறைமுகத்தில் நகையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். “காதுல கிடந்ததை வாங்கிட்டான். கையில கிடந்ததை என்ன பண்ணுவான்?” என்று அப்பத்தா சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். அப்பத்தாவும் போய்ச் சேர்ந்துவிட்டது. கோலம் தெரிகிற மாதிரி வீட்டில் ஒரே ஒரு புகைப்படம் இருக்கிறது. அதைத்தான் எடுத்துக்கொண்டு போனேன்.

குத்துகிற இடத்தில் நான் பார்த்தது இரண்டே விஷயம். ஊசி என் கண்முன்னால் உறையிலிருந்து பிரிக்கப்பட வேண்டும். மையைக் குப்பியிலிருந்து புதுக் கிண்ணத்தில் ஊற்ற வேண்டும், குழாய்த் தண்ணீர் கலக்கக் கூடாது. இந்த நாட்டில் 2015இல் எடுத்த கணக்குப்படி நூறு பேரில் ஆறேழு பேருக்கு ஹெபடைடிஸ் பி கிருமி இருக்கிறது. அந்தக் கிருமி உடம்புக்கு வெளியே ஒரு வாரம்கூட உயிரோடு கிடக்கும். தண்ணீர் விஷயமும் விளையாட்டில்லை. 2011–12இல் அமெரிக்காவில் ராசெஸ்டர் என்ற ஊரில் தண்ணீர் கலந்து தயாரித்த சாம்பல் நிற மையால் 19 பேருக்குத் தோலில் கொப்புளம் வந்தது. அதில் இருந்தது காசநோய்க் கிருமிக்கு ஒன்றுவிட்ட உறவான ஒரு கிருமி. அங்கே கடை சுத்தமாகத்தான் இருந்தது, வினை குப்பிக்குள் இருந்தது. குத்தின பையன் நான் கேட்டதற்கெல்லாம் முகம் சுளிக்காமல் காட்டினான். கை சுத்தம், கோடு சுத்தம். அவன் சறுக்கியது கடைசி ஐந்து நிமிடத்தில்.

சமையலறையில் மீந்த சோற்றை மூடுவோமே, அந்த மெல்லிய பிளாஸ்டிக் தாளைக் கையைச் சுற்றி மூன்று சுற்றுச் சுற்றி, “மூணு நாள் பிரிக்காதீங்க” என்றான். சில மணி நேரத்துக்குச் சரியான கட்டுதான். ஒட்டிக்கொள்ளும் மருத்துவத் தாள் என்று ஒன்று இருக்கிறது, அது காற்றை விடும், நாள்கணக்கில் ஒட்டலாம். சமையலறைத் தாள் அப்படியில்லை. இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிட்டான் போல. நானும் நல்ல பிள்ளையாக மூன்று நாள் வைத்திருந்தேன்.

மார்ச் கடைசி. ரங்கூனில் மார்ச் கடைசி என்றால் எப்படி என்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். நாளில் பாதி நேரம் மின்சாரம் இல்லை, விசிறி இல்லை, நடுச்சாமத்திலும் தலையணை நனைந்து கிடக்கும். மூன்றாம் நாள் சாயங்காலம் மெழுகுவத்தி வெளிச்சத்தில் தாளைப் பிரித்தேன். உள்ளே ஊறுகாய் ஜாடியைத் திறந்த மாதிரி ஒரு புளித்த வாடை. கறுப்பும் மஞ்சளுமாகக் கொழகொழவென்று ஒரு நீர், தாளின் மடிப்பில் தேங்கி, முழங்கையை நோக்கி வடிந்தது. கோலத்தைச் சுற்றி வெள்ளை முனையோடு வேர்க்குரு மாதிரிப் பொடிப் பொடியாகக் கிளம்பியிருந்தது. என் 13 புள்ளிக்கு நடுவே உடம்பு தன் பங்குக்கு ஒரு முப்பது புள்ளி வைத்திருந்தது.

அம்மா இரண்டாம் முறை டப்பாவோடு வந்தது அப்போதுதான்.

மறுநாள் காலை வேலைக்கு லீவு சொல்லிவிட்டுத் தோல் டாக்டரிடம் போனேன். பர்மாக்கார அம்மா, வயதானவர். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிவப்பு கோலத்தை விட்டு வெளியே பரவுகிறதா, தொட்டால் சுடுகிறதா, காய்ச்சல் உண்டா, அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா, சிவப்புக் கோடு மேல்நோக்கி ஓடுகிறதா என்று வரிசையாகக் கேட்டார். எதுவும் இல்லை. “கிருமி இல்லை, வியர்வை அடைத்துக்கொண்டது. இதில் ஏதாவது ஒன்று வந்தால் மட்டும் அன்றைக்கே ஓடி வா” என்றார். மருந்து எழுதுவார் என்று பார்த்தால், எழுதிய சீட்டில் வாசனை இல்லாத சோப்பு ஒன்றும் சாதாரணக் களிம்பு ஒன்றும்தான் இருந்தது. வீட்டில் தங்கச்சி பிரசவத்துக்குக் கொடுத்துப் பாதி மீந்த கிருமிக்கொல்லிக் களிம்பு ஒன்று இருக்கிறதே என்று கேட்டேன். வேண்டாம், அதிலிருக்கும் நியோமைசின் நிறையப் பேருக்கு ஒத்துக்கொள்ளாது, புண்ணே இல்லாத இடத்தில் அரிப்பை வரவழைக்கும் என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் யோசனை. ஊசி தோலுக்குள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் போகிறது, நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை போகிறது, மேல்தோல் மூட இரண்டு வாரத்திலிருந்து நான்கு வாரம், அடித்தோல் ஆறச் சில மாதம். இதெல்லாம் அம்மாவிடம் எடுபடாது. அப்போதுதான் அந்தச் சொல்லே கைகொடுத்தது. பச்சை என்றால் நிறம் மட்டுமா? பச்சைப் புண், பச்சைக் குழந்தை, பிள்ளை பெற்றவளுக்குப் பச்சை உடம்பு. தங்கச்சி பிள்ளை பெற்று வீட்டில் இருந்த நாற்பது நாளும் அம்மா அவளை எப்படிப் பார்த்துக்கொண்டாள் என்று எனக்குத் தெரியும். கொதித்து ஆறிய தண்ணீர், வெயிலில் காய்ந்த துணி, வந்தவர் போனவர் கை படக் கூடாது, அறைக்குள் கூட்டம் கூடாது.

“அம்மா, இந்தக் கை ஒரு மாசத்துக்குப் பச்சை உடம்புக்காரி. அப்படி நெனச்சுக்க” என்றேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அடுப்பில் தண்ணீர் வைக்கிற சத்தம் கேட்டது.

தண்ணீர்தான் எங்கள் கட்டடத்தில் பெரிய கதை. மின்சாரம் வரும்போது மோட்டார் போட்டு மாடித் தொட்டியில் ஏற்றுவோம். தொட்டியின் அடியில் செம்மண் நிறத்தில் ஒரு படிவு எப்போதும் இருக்கும், குழாயைத் திறந்ததும் முதல் சொம்பு டீத்தண்ணீர் மாதிரி வரும். அதனால் ஒரு கெண்டி கொதிக்கவைத்து, மூடி, ஆறவிட்டு, காலை ஒரு முறை, ராத்திரி ஒரு முறை. முதலில் இரண்டு கையையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இதை எல்லோரும் மறக்கிறார்கள். அப்புறம் உள்ளங்கையிலேயே சோப்பை நுரைத்து, விரல் நுனியால், குழந்தையின் உச்சந்தலையைத் தடவுகிற அழுத்தத்தில் தேய்க்க வேண்டும். நார், ஸ்பாஞ்சு எதுவும் கிட்டே வரக் கூடாது. முதல் இரண்டு நாள் வடிகிற நீர் காய்ந்து பிசினாக ஒட்டியிருக்கும், அது போய்விட்டால் பொருக்கு தடிக்காது. கழுவி முடித்துத் துண்டால் துடைக்காமல் ஒற்றி எடுத்து, பத்து நிமிடம் காற்றாட விட வேண்டும். நான் கை விசிறியை வைத்துக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்துவிடுவேன்.

களிம்பு ஒரு உளுந்து அளவுதான். சந்தைக்காரி என்பதால் சொல்லவில்லை, நிஜமாகவே அந்த அளவு என் முன்கைக்கு ஏராளம். தடவியது தெரியவே கூடாது, தோல் இறுகாமல் இருந்தால் போதும். தோசைக்கல்லில் எண்ணெய் ஊற்றுகிற மாதிரி வாசலினைப் பூசிவிட்டால், பிளாஸ்டிக் தாள் செய்த வேலையை அது செய்துவிடும். குளிர் நாட்டுக்காரர்கள் எழுதி வைத்திருக்கும் அளவெல்லாம் நம் ஊர்ப் புழுக்கத்துக்குச் சரிவராது என்பது என் அபிப்பிராயம்.

கை ஆறியதைவிடக் கஷ்டம், ஆறவிடாமல் ஆளுக்கொரு வைத்தியத்தோடு வந்தவர்களைச் சமாளித்ததுதான். எதிர்வீட்டு அத்தை தேங்காய் எண்ணெயைக் காய்ச்சிக் கொண்டுவந்தார். கடையில் மூட்டை தூக்கும் அண்ணன் தைலக் குப்பியை நீட்டினார். பச்சைப் புண்ணில் தைலமா! நினைத்தாலே கண்ணில் நீர் வருகிறது. கீழ்வீட்டு பர்மாக்கார ஆன்ட்டி தன் தனகாக் கல்லையே தூக்கிக்கொண்டு மாடியேறி வந்துவிட்டார், கட்டையைத் தண்ணீர் விட்டு உரசிப் புதிதாகவே தருகிறேன் என்று. தனகா நம் ஊர் மகாவில்வ மரம்தான். முகத்தில் பூசினால் குளுகுளுவென்று இருக்கும், நானும் தினம் பூசுகிறவள். ஆனால் கல், கட்டை, தண்ணீர் மூன்றிலும் என்ன இருக்கிறதோ. காய்ந்தால் களிமண் மாதிரி இறுகிப் பொருக்கையும் சேர்த்து இழுக்கும். ஆன்ட்டி மனம் நோகாமல் கன்னத்தில் மட்டும் பூசச் சொன்னேன்.

அவர் சும்மா போகவில்லை. தன் தாத்தாவின் கதையைச் சொல்லிவிட்டுப் போனார். அந்தக் காலத்து பர்மாக்கார ஆண்களுக்கு இடுப்பிலிருந்து முழங்கால் வரை அடர்த்தியாகக் குத்துவார்கள், டோக்வின் என்று பெயர். தூரத்தில் பார்த்தால் கறுப்புக் கால்சட்டை போட்ட மாதிரி இருக்குமாம். நீளமான பித்தளை ஊசி, வலி தெரியாமலிருக்க அபின். ஒரே நாளில் முடிக்க முடியாது, காலெல்லாம் வீங்கிக் காய்ச்சலில் படுப்பார்கள், எழுந்ததும் அடுத்த பகுதி. ஆன்ட்டியின் தாத்தா பாதியில் ஓடிவந்துவிட்டாராம், ஒரு தொடையில் மட்டும் இருந்ததாம். இதே நாட்டில் 1930இல் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்த சயா சானின் ஆட்கள் கலோன் உருவத்தைக் குத்திக்கொண்டு, குண்டு துளைக்காது என்று நம்பிப் போனார்கள். கலோன் என்றால் நம் கருடன். குண்டு துளைத்தது.

மஞ்சளைப் பற்றி நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். குறத்தி குத்தி முடித்ததும் மஞ்சளைத்தான் அப்பினார் என்று அப்பத்தாவே சொல்லியிருக்கிறது. வீக்கம் வடியும், நிறம் எடுக்கும் என்று. சோப்பும் களிம்பும் இல்லாத ஊரில் கைக்கு எட்டிய நல்ல பொருள் அதுதான். அப்பத்தா பார்த்தது வீட்டில் வேகவைத்து, காயவைத்து, இடித்த மஞ்சள். எங்கள் டப்பாவில் இருப்பது, ஈரக் கரண்டி நூறு முறை போய்வந்த கடைத்தூள். அதில் சாம்பாருக்கு ஒரு குறையும் இல்லை.

சாப்பாட்டுக் கட்டுப்பாடு தனி. கத்திரிக்காய், கருவாடு, நண்டு, எல்லாம் கிரந்தி என்று நிறுத்தப்பட்டது. மோகிங்காவில் மீன் இருக்கிறதே என்று காலைப் பலகாரத்துக்கும் ஆபத்து வந்தது. டாக்டர், உனக்கு எது எப்போதும் ஒத்துக்கொள்ளாதோ அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் சாப்பிடு என்றுதான் சொன்னார். இந்தச் சண்டையில் நான் பாதி ஜெயித்தேன். மோகிங்கா எனக்கு, கருவாடு அம்மாவுக்கு.

வேலைக்குப் போன பிறகு வேறு தொல்லை. பருப்புச் சந்தையின் காற்றில் எப்போதும் ஒரு மெல்லிய தூசு மிதக்கும். உளுந்துத் தோல், சாக்கு நார், மண். மூட்டை பிரிக்கும்போது கணக்குப் புத்தகத்தின் மேலேயே படியும். தளர்வான முழுக்கைச் சட்டை, பழைய பருத்தி. இறுக்கமாக இருந்தால் உரசும், நைலானென்றால் வேகும். ஒரு நாள் காலையில் படுக்கை விரிப்பு கையோடு ஒட்டிக்கொண்டது. அரைத்தூக்கத்தில் இழுக்கப் பார்த்தேன். நல்ல வேளை, வெடுக்கென்று இழுக்காமல் ஆறிய வெந்நீரை ஊற்றி ஊறவைத்துப் பிரித்தேன்.

ஏழாம் நாள் உரிய ஆரம்பித்தது. வெயிலில் கறுத்த தோல் உரியுமே, அதுபோல, ஆனால் உரிகிற செதில் கறுப்பாக இருக்கும். கோலமே உதிர்கிறது என்று பயந்தே போனேன். உதிர்வது மேல்தோலில் மாட்டிக்கொண்ட மைதான், கோலம் அதற்குக் கீழே இருக்கிறது. அந்த நேரத்தில் கோடெல்லாம் பால் ஊற்றிய மாதிரி மங்கித் தெரியும், அதுவும் போய்விடும். போகாதது அரிப்பு. அப்பப்பா, வலியைச் சொல்ல வார்த்தை இருக்கிறது, இந்த அரிப்பைச் சொல்ல இல்லை. கணக்குக் கூட்டும்போது இருபது இருபத்தைந்து என்று எண்ணிக்கொண்டே பக்கத்தில் தட்டுவேன். ஈரத் துணியை ஒற்றுவேன். குளிர்ந்த டம்ளரை உருட்டுவேன். பகலில் ஜெயித்தேன். பதினோராம் நாள் ராத்திரி தூக்கத்தில் நகம் போய்விட்டது. காலையில் மணிக்கட்டுப் பக்கம் கடைசிப் புள்ளியின் மேலிருந்த பொருக்கைக் காணோம், அந்த இடத்தில் சிவப்பாக ஒரு பள்ளம். மூன்றாம் முறை டப்பா வந்தது. வாசலோடு நின்று, பார்த்துவிட்டு, தானே திரும்பிப் போய்விட்டது.

அதற்குள் பர்மாப் புத்தாண்டான திங்யான் வந்துவிட்டது. எங்கள் வாயில் தண்ணித் திருநாள். நம் சித்திரைப் பிறப்பும் அதோடுதான் வரும், ஒரு பக்கம் கோயில், ஒரு பக்கம் தெருவெல்லாம் தண்ணீர்க் குழாய். கை அப்போது பதினைந்தாம் நாள். புதிதாகக் குத்திய கையை ஊறவைக்கக் கூடாது, குளம், ஆறு, கடல் எதிலும் இறங்கக் கூடாது. குழாயில் இரண்டு நிமிடம் கழுவுவது வேறு, பிக்கப் வண்டியில் ஏறி இன்யா ஏரித் தண்ணீரில் நாள் முழுக்க நனைவது வேறு. 2017இல் ஒரு மருத்துவ இதழில் வந்தது: குத்திய ஐந்தாம் நாள் மெக்சிகோ வளைகுடாவில் நீந்திய ஒருவர், ஏற்கெனவே ஈரல் கெட்டவர், கடல்நீரில் இருந்த விப்ரியோ என்ற கிருமி ஏறி இறந்தே போனார். எனக்கு ஈரல் நன்றாக இருக்கிறது, இருந்தாலும் நான்கு நாளும் பால்கனியில் இருந்துகொண்டேன். முப்பத்து நான்கு வருடத்தில் நான் நனையாத முதல் திங்யான். நனையாத என்று சொல்ல முடியாது. மூன்றாம் நாள் கதவைத் தட்டிய கீழ்வீட்டுப் பேரன், வெள்ளிக் கிண்ணத்தில் நறுமணத் தண்ணீரும் தளிர் ஒன்றுமாக, பெரியவர்களுக்கு ஊற்றுகிற மரியாதையோடு, சரியாக அந்தக் கையிலேயே ஊற்றிவிட்டுக் கும்பிட்டான். அவனிடம் என்ன சொல்ல? வாழ்த்திவிட்டு உள்ளே ஓடிக் கழுவினேன்.

மே மாதக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டபோது தோல் தோலாகிவிட்டது, தடவினால் மேடு தெரியவில்லை. இனிமேல் எதிரி வெயில்தான், ஆறும் வரை துணியால் மூடினேன், இப்போது வெளியே போனால் சன்ஸ்கிரீன். எவ்வளவு காத்தாலும் மங்கத்தான் செய்யும். தோலுக்குள் போன மையை உடம்பின் காவல் அணுக்கள் விழுங்கி வைத்துக்கொள்கின்றன. அந்த அணு செத்தால் மை வெளியே வரும், அடுத்த அணு வந்து விழுங்கும். 2018இல் பிரான்சின் மார்செய் நகரத்தில் எலி வாலில் குத்திப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். அப்பத்தா கையில் அறுபது எழுபது வருடம் அணுக்கு அணு கைமாறிக்கொண்டே இருந்திருக்கிறது அந்தச் சட்டிக் கரி. கறுப்பாகக் குத்தியது பச்சையாகத் தெரிந்ததும், தோலுக்கு அடியில் கிடப்பதைத் தோல் வழியாகப் பார்ப்பதால்தான்.

ஒரு நாள் விளக்கு இருந்த நேரத்தில் அம்மா புகைப்படத்தை எடுத்துவந்து என் கையோடு வைத்து விரலால் எண்ணினாள். பன்னிரண்டு. மறுபடி எண்ணினாள். நகம் பட்ட இடத்தில் புள்ளி பிடிக்கவே இல்லை, வெறும் தோல். “ஒத்தைப்படையில நிக்க வேண்டிய கோலம்” என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை போய் அந்த ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு வந்தேன். பையன் காசு வாங்கவில்லை. பிளாஸ்டிக் தாளையும் எடுக்கவில்லை, போன தடவை நான் போட்ட சத்தம் அப்படி. மிளகு அளவுகூட இல்லை அந்தப் புள்ளி. வீட்டுக்கு வந்தபோது மின்சாரம் போயிருந்தது. அம்மா இருட்டில் அடுப்பு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். “தண்ணி கொதிச்சு எறக்கி வச்சிருக்கேன். ஆறட்டும், தொடாத” என்றாள்.